ஆடிக் கூழும் பாப்பாவின் சளியும்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு. வெள்ளி இரவு.

சரோஜா, 8.12: ஞாயிற்றுக்கிழமை கோயில் கூழுக்கு நாங்கள் வருவது சந்தேகம்தான். பெரியவன் பள்ளியிலிருந்து சளியோடு வந்தான், இரண்டே நாளில் பாப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது. மூக்கடைப்பு. இரண்டு வாய் குடிக்கிறாள், விட்டுவிட்டு அழுகிறாள்.

காந்தி ஆயா, 8.15: தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து ஒரு வில்லை கற்பூரம் போட்டு நெஞ்சில் தடவு. நாக்கில் ஒரு சொட்டுத் தேன். ஆறு பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன்.

நளினி, 8.17: ஆயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவுக்கு எட்டு மாசம்தானே? கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், கைக்குழந்தைக்கு வலிப்பே வரலாம். தேனும் ஒரு வயசு வரைக்கும் கூடாது. வெறும் எண்ணெய் தடவுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

காந்தி ஆயா, 8.18: உன் அம்மாவுக்கும் நான்தான் தடவினேன்.

நளினி, 8.18: அதனால்தான் கற்பூரம் ஏற்றினாலே அம்மா வாசலுக்கு ஓடுகிறார் 😄

நளினி, 8.21: சரோ, பால் கொடுப்பதற்கு முன்னால் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடு, பார்மசியில் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு.

சரோஜா, 8.24: பெரியவனுடைய இருமல் சிரப் பாதி இருக்கிறது அக்கா. அரை ஸ்பூன் கொடுக்கலாமா?

நளினி, 8.25: வேண்டவே வேண்டாம்! மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், வைரஸ் சளிக்கு அது கேட்காது. காய்ச்சலடித்தால் பனாடோ (பாரசிட்டமால்) சிரப் மட்டும். கிளினிக் புத்தகத்தில் எடையைப் பார்த்து, சிரிஞ்சில் அளந்து கொடு. சமையல் ஸ்பூன் ஆளுக்கு ஓர் அளவு.

நளினி, 8.27: அப்புறம், அவள் தூங்கியதும் சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை எண்ணு. முழுசாக ஒரு நிமிஷம். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதே, குழந்தை மூச்சு ஒரே சீராக இருக்காது.

சரோஜா, 9.05: 44. நடுவில் சிணுங்கினாள், மறுபடி எண்ணினேன்.

நளினி, 9.06: அப்பாடா. இந்த வயசில் 50 தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பாலே வேண்டாம் என்றாலோ, உதடு நீலம் பூத்தாலோ விடியட்டும் என்று இருக்காதே. நேரே ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி.

சிவா அண்ணன், 9.10: பெரியவனை மட்டுமாவது அனுப்பேன் சரோ. கூழ் ஊற்ற ஆள் இல்லை.

நளினி, 9.11: அண்ணா! அவன் தும்மிக்கொண்டே அகப்பை பிடிக்கவா? காய்ச்சல் விட்டு முழுசாக 24 மணி நேரம் ஆகட்டும். சரோ, ஃப்ளூ ஊசி போட்டீர்களா?

சரோஜா, 9.13: ஏப்ரலில் போடலாம் என்று சொல்லிச் சொல்லி, ஆடியே வந்துவிட்டது.

நளினி, 9.14: குளிர் இன்னும் முடியவில்லை. உடம்பு தேறியதும் கிளினிக்கில் கேள். ஒன்பது வயசுக்குள் முதல் தடவை என்றால் 4 வாரம் விட்டு இரண்டு ஊசி.

காந்தி ஆயா, 9.20: ஞாயிறு ஒரு வாளி கூழ் உன் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறேன். கற்பூரம் போடவில்லை என்று நளினியிடம் சொல்லு.