டெல்டாவ வேளாண் மண்டலம்னு அறிவிச்சாச்சு, அப்புறம் எண்ணெய்க் கிணறு எப்படி ஓடுது?

மருதம்88:
2020ல காவிரி டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமே போட்டாங்க. ஆனா திருவாரூர் பக்கம் போனா கம்பிவேலிக்கு உள்ள ஓஎன்ஜிசி (மத்திய அரசோட எண்ணெய்க் கம்பெனி) கிணறு, வேலிக்கு வெளிய நடவு, எல்லாம் பழையபடிதான் இருக்கு. அப்ப அந்த சட்டம் எதத்தான் தடுக்குது? கட்சி சண்டை வேணாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாய்க்கால்கரை:
புதுசா எண்ணெய், மீத்தேன், ஷேல் கேஸ் (பாறைக்குள்ள அடைஞ்சிருக்கற எரிவாயு) தோண்டக்கூடாது, செம்பு உருக்காலை, தோல் தொழிற்சாலை எல்லாம் வரக்கூடாது, அவ்ளோதான். ஏற்கனவே ஓடிட்டு இருக்கறத சட்டம் தொடாதுன்னு அதுலயே எழுதி வச்சிருக்காங்க. இன்னொன்னு, பிப்ரவரி 9ந்தேதி எடப்பாடி தலைவாசல்ல அறிவிச்சப்ப திருச்சி, கரூர், அரியலூர் எல்லாம் உள்ள இருந்துச்சு, 20ந்தேதி சட்டசபைல நிறைவேறுனப்ப மூணும் காணோம்.

கடைமடையான்:
கட்சி சண்டை வேணாம்னா எப்படிங்க, இதுல கை வைக்காத ஆளே கிடையாதே. 2010ல மன்னார்குடி பகுதிய மத்திய அரசு ஒரு கம்பெனிக்கு மீத்தேன் எடுக்க கொடுத்துச்சு, 2011ல மாநில அரசும் ஒப்பந்தம் போட்டுச்சு. நிலக்கரிப் படுகைல இருக்கற தண்ணிய இறைச்சு வெளிய கொட்டுனாத்தான் அந்த கேஸ் மேல வரும், அது புரிஞ்சதும்தான் ஊர்ஊரா கூட்டம் சேர்ந்துச்சு. இயற்கை விவசாயத்துக்காக உழைச்ச நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர்ல இந்தப் பிரச்சாரத்துல இருக்கும்போதே இறந்து போய்ட்டாரு. 2017ல நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்கள்ல எண்ணெய், கேஸ் எடுக்கறத எதிர்த்துப் போராட்டம். அந்தப் போராட்டம் இல்லன்னா 2020 சட்டமே வந்திருக்காது, எவனும் சும்மா தூக்கிக் குடுக்கல.

மருதம்88:
சரிண்ணே, ஆனா 2023ல நிலக்கரி ஏலம்னு வந்துச்சே, அது?

வாய்க்கால்கரை:
வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மூணு பிளாக். ஸ்டாலின் ஏப்ரல் 4ல பிரதமருக்கு லெட்டர் போட்டாரு, அந்த வாரமே ஏலத்துலருந்து எடுத்துட்டாங்க. பட்டியல் போடுறப்ப சட்டத்த ஒருத்தரும் பாக்கலையான்னுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அலையாத்தி:
எல்லாரும் வயலயே பேசுறீங்க, கடலோரத்துல இருக்கற முத்துப்பேட்டை அலையாத்திக் காட்ட ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா? வெள்ளைக்காரன் காலத்துல பட்டை பட்டையா மரத்த மொத்தமா வெட்டுனாங்க, வெட்டுன இடம் தாழ்ந்து போயி கடல்தண்ணி வடியாம நின்னு உப்பேறி மறுபடி ஒண்ணுமே முளைக்கல. அப்புறம் மீன்முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டி அலைத்தண்ணி உள்ள வந்து போக வழி பண்ணி நட்டாங்க, வந்துச்சு. திருப்பி 2018ல கஜா புயல் அடிச்சு நொறுக்குச்சு. அந்தக் காட்டுக்கு ஆத்துலருந்து நல்ல தண்ணியும் வரணுங்க, மண்டல சட்டம் ஒரு சொட்டு தண்ணிக்கும் பொறுப்பு கிடையாது. 2007ல காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி) சொல்லுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் 404.25ன்னு குறைச்சிருச்சு. குறைக்க சொன்ன முக்கியக் காரணம் என்னன்னா, டெல்டாக்கு அடியில நிலத்தடி நீர் இருக்காம், அதுல 10 டிஎம்சி கணக்குல சேர்க்கலாமாம். கடலோரத்துல போர் போட்டு குடிச்சுப் பாத்துட்டு சொல்லச் சொல்லுங்க!

கடைமடையான்:
அலையாத்தி சொன்னதுதான். தம்பி, உங்க ஊர் கிணறு 2020க்கு முன்னாடி அனுமதி வாங்குனதா, அப்புறம் ஆழப்படுத்துனாங்களான்னு கலெக்டர் ஆபீஸ்ல ஆர்டிஐ போடுங்க, பழைய கிணறுன்னு சொல்லி புது வேலை பாக்கறாங்களான்னு அதுலதான் தெரியும்.