அந்தியேட்டிக் கல்வெட்டு: அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது, எப்படி அச்சடிப்பது?

வடலி:
வணக்கம். அப்பாவின் அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியை) இன்னும் 22 நாள் இருக்கிறது. கல்வெட்டு, அதாவது அன்று கொடுக்கும் நினைவு மலர், என் பொறுப்பு. ஏ5 அளவு, 200 பிரதி. அப்பா ரொறன்ரோவில் காலமானவர், அச்சடிப்பது யாழ்ப்பாணத்தில். பஞ்சபுராணம், சிவபுராணம், நன்றி நவிலல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். வாழ்க்கை வரலாறுதான் வரவில்லை. ‘பாசமிகு கணவர், அன்பான தந்தை, அருமையான பேரன்’ என்பதற்கு மேல் பேனா நகர மறுக்கிறது. காலமான திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு எந்த ஊர் நேரத்தை எடுப்பது? பழைய படங்களை எப்படி அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மூக்குப்பேணி:
அந்த மூன்று அடைமொழியும் மரண அறிவித்தலிலேயே வந்துவிட்டது. கல்வெட்டில் திரும்பவும் வேண்டாம். ‘பாசமிகு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் போடுங்கோ.

அம்மாவிடம் ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘நல்ல மனுசன்’ என்ற பதில்தான் வரும். ‘வேலையால வந்ததும் முதல் என்ன செய்வார்? சம்பளக் காசை ஆரிட்டக் குடுப்பார்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆர் சமைச்சது?’ என்று கேளுங்கோ. கணவர் என்ற பகுதி அதிலிருந்து தானாக வரும். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேளுங்கோ. எல்லாரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்லுவினம். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60 சொல் என்று முதலே எல்லை போடுங்கோ. இல்லாவிட்டால் ஒருவர் இரண்டு பக்கமும் மற்றவர் இரண்டு வரியும் தருவினம், பிறகு வெட்டினால் மனக்கசப்பு. ஆங்கிலத்தில் எழுதித் தரும் பிள்ளையின் குறிப்பை மொழிபெயர்த்துப் பெரிய மனுசப் பேச்சாக்க வேண்டாம். ‘தாத்தா எனக்குச் சைக்கிள் பழக்கினவர், பிடியை விடேல்லை எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டார்’ என்று அந்தப் பிள்ளை சொன்ன மாதிரியே வரவேண்டும்.

வரலாற்றில் பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளிக்கூடம், தொழில், கலியாணம், இடப்பெயர்வு, புலம்பெயர்வு என்று வருடத்தோடு ஓடட்டும். தோட்டக்காரர் என்றால் எத்தனை பரப்புக் காணி, என்ன பயிர், இறைப்பு துலாவா மெசினா என்று எழுதுங்கோ. 900 சொல்லுக்கு மேல் போனால் சபையில் ஒருவரும் வாசித்து முடிக்கமாட்டினம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு போன்றதை ஒரு பந்தியில் வையுங்கோ, இல்லாவிட்டால் அது ஊர் வரலாறாக மாறி அப்பா காணாமல் போய்விடுவார்.

இன்னொன்று: நம்மிடம் ‘பேரன்’ என்றால் தாத்தாவும்தான். புலத்தில் பிறந்த பிள்ளைகளும் தமிழ்நாட்டு நண்பர்களும் அதை மகனின் மகன் என்றே வாசிப்பினம். வரலாற்றுப் பகுதியில் ‘பேரனார்’ அல்லது ‘தாத்தா’ என்று போட்டால் குழப்பமில்லை.

பஞ்சாங்கம் பார்ப்பவன்:
திதிக்கு மட்டும் வருகிறேன். திதி மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. ஆகவே உயிர் பிரிந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டு இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ நேரத்தோடு 9½ மணி கூட்ட வேண்டும், குளிர்காலத்தில் 10½. உதாரணமாக, அங்கே ஜூலை 10 இரவு 9.30 என்றால் இங்கே ஜூலை 11 காலை 7.00. ஜூலை 10ஆம் திகதிக் கட்டத்தை அப்படியே பார்த்து எழுதினால் ஒரு திதி பின்னால் போய்விடக்கூடும். இப்படித் தவறிய கல்வெட்டுகள் நிறைய. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரம் வேறுபடும். கிரியை செய்யும் குருக்கள் எதைப் பார்க்கிறாரோ அதையே எடுங்கள், ஆண்டுத் திவசமும் அதன்படிதான் வரப்போகிறது.

வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

ஆண்டு விசுவா வசுவில் வருமாடி
பூண்ட அபர தசமியில் – ஈண்டு
மனையாள் மகார்பேரர் சூழ அடைந்தார்
வினைதீர் இறைவன் கழல்

‘அபர’ என்றால் தேய்பிறை. வளர்பிறைக்கு ‘பூர்வ’ வரும், பூர்வ என்பது நேரசையில் தொடங்குவதால் ‘பூண்ட’ அதன் முன் நிற்காது, மாச்சீருக்குப் பின் நிரையசை வேண்டும். பிழை பெரும்பாலும் பெயரைச் செருகும் இடத்தில்தான் வருகிறது. ‘ஈண்டு’ இருக்கும் இடத்தில் கந்தையா போன்ற பெயரை வைத்தால் அது காய்ச்சீர், அடுத்தது நேரசையில் தொடங்க வேண்டும், ‘மனையாள்’ நிரையசையில் தொடங்குகிறது. தளை தட்டும், எதுகையும் போகும். பெயர் அடங்கவில்லை என்றால் வெண்பாவுக்கு மேலே தலைப்பாகப் போட்டுவிடுங்கள், குறையில்லை.

(மூக்குப்பேணி சொன்ன ‘பேரன்’ சிக்கல் என் மூன்றாம் அடியிலும் இருக்கிறது. ‘மகார்பேரர்’ என்று சேர்ந்து வருவதால் தப்பிக்கிறது.)

அச்சுக்கூடத்தான்:
படங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கோ. ஏ5 முழுப்பக்கப் படத்துக்கு ஆகக்குறைந்தது 1748 × 2480 பிக்சல் வேண்டும். 35 × 45 மி.மீ. அடையாள அட்டைப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் அகலம் 827 பிக்சல்தான், அச்சில் 7 செ.மீ. வரை தெளிவாக நிற்கும். பெரிதாகப் போட 1200 டிபிஐயில் எடுங்கோ. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கப் போகாதேங்கோ, முகத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடே வந்துவிடும். கண்ணாடியோடு வைத்து, பிளாஷ் இல்லாமல், யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படமெடுங்கோ.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கவேண்டும், மடிப்பில் கம்பிப் பின் (ஸ்டேப்பிள்) அடிக்கும் புத்தகம் அது. உள்ளே 24 பக்கம், அட்டை தனி. தாளின் தடிப்பு: உள்தாள் 100 அல்லது 130 ஜிஎஸ்எம், அட்டை 300. பின்னணி நிறம் ஓரம்வரை போனால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கோ, வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. 200 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு போதும்.

எழுத்துரு. பல அச்சகங்களில் இன்னும் பாமினி, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. நீங்கள் அனுப்பும் யூனிகோட்டை மாற்றும்போது சதுர அடைப்புக்குறி ‘ஜ’ ஆகிவிடும், மின்னஞ்சல் முகவரி வாசிக்கவே வராது, ‘ஸ்ரீ’யும் உடையலாம். மாற்றிய பிறகு வரும் பிடிஎஃப்பைத்தான் சரவை (பிழை திருத்தம்) பார்க்க வேண்டும், நீங்கள் அனுப்பிய கோப்பை அல்ல. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க மற்றவர் பிடிஎஃப்பில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அட்டையில் உள்ள தோற்றம், மறைவு திகதிகளை மூன்றாவது ஆள் பார்க்கட்டும். எல்லாரும் உள்ளே தேடுவினம், பிழை அட்டையில் இருக்கும்.

வடலி:
நன்றி அண்ணாமார். வம்சாவளி அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஏழு பிள்ளைகள், 19 பேரப்பிள்ளைகள். எங்கே போடுவது?

அச்சுக்கூடத்தான்:
நடுப்பக்கம். 24 பக்கத்தில் 12உம் 13உம் ஒரே தாள், அதனால் கோடுகள் நடுவில் உடையாமல் போகும். கம்பிப் பின் விழும் மடிப்பில் மட்டும் பெயர் வரக்கூடாது, இரண்டு பக்கமும் 8 மி.மீ. விடுங்கோ. எழுத்து 8 புள்ளிக்குக் கீழே போனால் பெரியவர்களுக்குத் தெரியாது.

மூக்குப்பேணி:
பெயர்களைப் பிறப்பு வரிசையில் போடுங்கோ, ஆண் பெண் என்று பிரிக்க வேண்டாம். மருமக்களின் பெயரை முதலெழுத்தோடு (இனிஷியல்) அவர்களிடமே எழுதி வாங்குங்கோ. காலமான பிள்ளை இருந்தால் ‘அமரர்’ என்று சேர்த்து அதே வரிசையில் வையுங்கோ, கடைசிக்குத் தள்ளக்கூடாது. அச்சுக்குக் கொடுக்க முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய கிளையை மட்டும் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கோ. அதற்கு மூன்று நாள் ஒதுக்கவேணும், ஆகவே வரலாறு இன்றிலிருந்து எட்டாம் நாளுக்குள் முடியவேணும்.

முடிந்ததும் பிடிஎஃப்பை ‘நூலகம்’ என்ற ஈழத்து எண்ணிம நூலக இணையத்தளத்துக்கும் அனுப்புங்கோ. அங்கே நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கினம், ஊர் வரலாறு தேடுகிறவர்கள் வம்சாவளிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பினம். உயிரோடு இருப்பவர்களின் தொலைபேசி இலக்கமும் முகவரியும் இருந்தால் அந்தப் பிரதியில் எடுத்துவிடுங்கோ.