கார்டு பாயிண்டுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்?

கேள்வி:
கிரெடிட் கார்டில் வாங்கி, மாதக் கடைசியில் பாக்கி வைக்காமல் கட்டிவிடுகிறேன். வட்டி ஒரு பைசா கிடையாது, பாயிண்ட் மட்டும் சேருகிறது. இந்தப் பணம் யார் தலையில் விழுகிறது?

பதில் 1:
வங்கி கைக்காசைப் போடுவதில்லை. நீங்கள் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரருக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பங்கு கட்டணமாகக் கழிகிறது, அதில் பெரும்பகுதி கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது, கடைக்காரர் அந்தக் கட்டணத்தை விலையில்தான் ஏற்றியாக வேண்டும். வரிசையில் உங்களுக்குப் பின்னால் கசங்கிய நோட்டுகளை எண்ணிக்கொண்டு நிற்கிறாரே, அவருக்கும் அதே விலைதான். பாயிண்ட் மட்டும் கிடையாது. எனக்கு இது உறுத்துகிறது.

பதில் 2:
வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன், அசல் அசையவே இல்லை. உங்கள் பாயிண்டில் என் வட்டியும் இருக்கிறது.

பதில் 3:
ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இதற்கு உச்சவரம்பு வைத்தது: கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் கட்டணம் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம், டெபிட்டுக்கு 0.2.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்படியானால் ரொக்கம் கொடுப்பவருக்கு விலையைக் குறைக்கலாமே?

பதில் 1:
குறைக்கலாம். ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு விலை எழுதி ஒட்ட எத்தனை கடைக்காரர்கள் துணிவார்கள்?