பொருள்: எஃபெக்ட்ஸ் லூப்புக்குத் தமிழ்ச்சொல் (பழைய பேஸ் ஆம்ப் விற்பனைக் குறிப்புக்காக)

வணக்கம்.

பழைய பேஸ் கிட்டார் ஆம்ப், பெடல் (ஒலியை மாற்றும் காலடிக் கருவி) விற்பவர்கள் நிரப்புவதற்கான படிவம் ஒன்று தயாராகிறது. முன்பெருக்கி (ப்ரீஆம்ப், முதல் கட்டம்), திறன்பெருக்கி (பவர் ஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் கட்டம்), மின்மறுப்பு (இம்பீடன்ஸ், ஓமில் அளப்பது) என்ற சொற்கள் எல்லாம் பொருந்திவிட்டன. எஃபெக்ட்ஸ் லூப் மட்டும் இடிக்கிறது. முன்பெருக்கியிலிருந்து சென்ட் துளை வழியே வெளியேறி, பெடலுக்குள் புகுந்து, ரிட்டர்ன் துளை வழியே திறன்பெருக்கிக்குப் போகும் பாதை அது. "விளைவு வளையம்" சரிவருமா?

————

> "விளைவு வளையம்" சரிவருமா?

வேண்டாமே. படிப்பவருக்கு எது முன், எது பின் என்று பிடிபடாது. விற்பவர் முதலில் பார்க்க வேண்டியதே ரிட்டர்ன் துளையைத்தான். அதற்குள் ஒரு தொடுதகடு இருக்கும். பிளக் செருகாதபோது முன்பெருக்கியையும் திறன்பெருக்கியையும் சேர்த்துவைப்பது அதுதான். வருடக்கணக்கில் யாரும் எதையும் செருகாவிட்டால் களிம்பு ஏறிவிடும். ஒலி கம்மும், விட்டுவிட்டு வரும், தந்தியை ஓங்கித் தட்டினால் சட்டென்று திரும்பும். ஆம்ப் போய்விட்டது என்று நினைத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரு குட்டிக் கிட்டார் கேபிளை சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி சீரானால் கோளாறு தொடுதகட்டில்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் லேசாக அடித்து, பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் தீரும்.

"புறவழி" எப்படி?

————

> "புறவழி" எப்படி?

அது பைபாஸுக்கு (பெடலை அணைத்ததும் ஒலி மாறாமல் கடந்துபோவது) போய்விட்டது. பெடலுக்கு "முழுப் புறவழி" என்று எழுதப்போகிறோம். ஒரே குறிப்பில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். "மீள்வழி" என்கிறேன். சென்ட் விடுதுளை, ரிட்டர்ன் மீள்துளை. ஒலி முழுவதும் பெடல் வழியே போகும் நேரான லூப் தொடர் மீள்வழி. மூல ஒலியையும் பெடல் ஒலியையும் கலக்கும் கலப்புக் குமிழ் இருந்தால் இணை மீள்வழி. பேஸுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பல பெடல்கள் அடிச்சுரத்தைத் தின்றுவிடும். நான்கு தந்தி பேஸின் திறந்த ஈ தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். இணையில் மூல ஒலியும் கூடவே வருவதால் அடி காலியாகாது.

மீள்துளையால் இன்னொரு பயனும் உண்டு. வேறொரு முன்பெருக்கியை அதில் நேராகச் செருகினால் திறன்பெருக்கியைத் தனியாகச் சோதிக்கலாம். இரைச்சல் அப்போது நின்றுவிட்டால் பழுது இந்த ஆம்ப்பின் முன்பெருக்கியில். கவனம்: பல ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் மீள்துளைக்கு முன்னாலேயே இருக்கும், குமிழைத் திருகி ஒலியைக் குறைக்க முடியாது. செருகும் கருவியில் ஒலியைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குங்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் பெட்டியை இணைக்காமல் சுவிட்சைப் போடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

————

> "மீள்வழி" என்கிறேன்.

துளைப் பெயர்கள் இரண்டும் அருமை. ஆனால் மீள்வழி என்றதும் மின்னணுக்காரர்களுக்குப் பின்னூட்டம்தான் நினைவுக்கு வரும், அதாவது வெளியீடு தன் உள்ளீட்டுக்கே திரும்புவது. இங்கே சைகை (சிக்னல்) புறப்பட்ட இடத்துக்கு வருவதில்லை, அடுத்த கட்டத்துக்குப் போகிறது. இரு பெருக்கிகளுக்கும் இடையில் திறக்கும் பாதை என்பதால் "இடைவழி" போதும். தொடர் இடைவழி, இணை இடைவழி.

————

இடைவழிக்கு என் ஓட்டும். மீள்வழியை விட்டுவிடுகிறேன். படிவத்தில் மாதிரி இப்படி இருக்கட்டும்:

"பேஸ் ஆம்ப் தலை, பெட்டி இல்லை. 4 ஓமில் 500 வாட். 8 ஓம் பெட்டிகள் இரண்டு வரை பக்க இணைப்பில் போடலாம், 4 ஓமுக்குக் கீழே கூடாது. தொடர் இடைவழி, மீள்துளை சுத்தம் செய்யப்பட்டது, கேபிள் போட்டாலும் எடுத்தாலும் ஒலி அளவு மாறவில்லை. ட்ரெபிள் குமிழ் திருகும்போது கரகரக்கிறது."

"தலை" என்பதையும் "பெட்டி இல்லை" என்பதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "ஒலிபெருக்கி" என்று போட்டால் ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்து வருகிறதென்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார்.