நெய்யில் போல்வரோன் சுட முடியுமா?

மீனாட்சி, அல்சூர், பெங்களூரு:

மெக்ஸிகோவில் கல்யாணத்திற்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்கிற போல்வரோன் என்னும் சர்க்கரை பிஸ்கட்டை வீட்டு ஓடிஜி மின்னடுப்பில் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றுவிட்டேன். பழைய செய்முறைகள் பன்றிக் கொழுப்பைக் கேட்கின்றன. எங்கள் வீடு சைவம் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே 250 கிராம் மைதாவுக்கு 200 கிராம் வெண்ணெய் என்றிருந்த வேறொரு செய்முறையை எடுத்துக்கொண்டு, வெண்ணெய்க்குப் பதிலாக அதே 200 கிராம் நெய்யை உருக்கி ஊற்றினேன். தட்டில் வைத்த பன்னிரண்டு உருண்டைகளும் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரம் சிவந்த ஒரே அடையாக வெளியே வந்தன. அடுத்த வாரம் வெண்ணெயையே போட்டு, சப்பாத்தி மாவைப் போல் நன்றாகப் பிசைந்து சுட்டபோது உருண்டை உருண்டையாகத்தான் இருந்தது, ஆனால் கடித்தால் வாயில் உதிரவே இல்லை. மிக்ஸியில் அரைத்து மேலே புரட்டிய சர்க்கரையும் இந்த ஆடி மழையில் ஒரு மணி நேரத்திற்குள் பிசுபிசுத்துவிட்டது. நெய்யில் இதைச் செய்ய வழியே இல்லையா, அல்லது என் கைதான் தவறா?

வசந்தா, ராஜாஜி நகர்:

மீனாட்சி, இரண்டு முறையும் நடந்தவை இரண்டு வேறு தவறுகள். வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீர் அறவே இல்லை என்று சொல்லலாம். எனவே 200 கிராம் வெண்ணெய்க்கு 160 கிராம் நெய்யே கணக்கு. அதையும் உருக்காமல், மணல் மணலாக உறைந்த நிலையில் எடுத்து, 60 கிராம் பொடித்த சர்க்கரையுடன் வெளுத்துப் பொங்கும் வரை கையால் தேய்க்க வேண்டும். மார்கழியில் பெங்களூரு நெய் தானாகவே உறைந்திருக்கும். மற்ற மாதங்களில் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள்.

இரண்டாவது முறை நீங்கள் பிசைந்ததுதான் வினை. வெண்ணெயில் உள்ள தண்ணீரும் மைதாவும் கையின் அழுத்தத்தில் சேர்ந்தால் இழுவை பிடித்துக்கொள்ளும். சப்பாத்திக்கு அது வேண்டும், இதற்குக் கூடாது. மாவைக் கொட்டியபின் புட்டு மாவுக்குப் பார்ப்பது போல் பாருங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த நிலை வந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். எலுமிச்சை அளவில் உருட்டி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

குமரன், ஒயிட்ஃபீல்டு:

வேலை நிமித்தமாக வட மெக்ஸிகோவின் மான்டெர்ரே நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். பன்றிக் கொழுப்பு இல்லாவிட்டால் அது போல்வரோனே அல்ல என்று எண்ண வேண்டாம். அங்கேயே பல வீடுகளில் வெண்ணெயிலும், தாவரக் கொழுப்பிலும் செய்கிறார்கள். 'போல்வோ' என்றால் ஸ்பானிய மொழியில் தூள். வாயில் போட்டவுடன் தூளாக வேண்டும் என்பதே அந்தப் பெயரின் நிபந்தனை. ஸ்பெயினிலிருந்து வந்த பண்டம் இது. அங்கே தெற்கில் உள்ள எஸ்தெபா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அவர்கள் மாவை முதலில் வறுத்துக்கொள்கிறார்கள். நாம் மாவுருண்டைக்குப் பருப்பை வறுப்பது மணத்திற்காக. அங்கே வறுப்பதில் மணத்தோடு மாவின் ஈரமும் இழுவையும் குறைகின்றன.

மெக்ஸிகோ பேக்கரிகளில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டும். அங்கே இளஞ்சிவப்பு, மஞ்சள், சாக்லேட் பழுப்பு என மூன்று நிறம் சேர்ந்த போல்வரோனும் இருக்கும். வடக்கே ஓஹராஸ்கா என்று ஒன்று உண்டு. சருகு என்று பொருள். அதைப் பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டுவார்கள். என் நாக்குக்கு வெள்ளைச் சர்க்கரை உருண்டையைவிட அதுவே மேல். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சோம்பு போன்ற மணமுள்ள அனிஸ் விதை சேர்த்துச் சுடும் பிஸ்கோச்சிட்டோவும் இதற்கு உறவுதான். 1989இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ பிஸ்கட்டாகவே அறிவித்தது.

பட்டை வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். நம் மளிகைக் கடைகளில் பிரியாணிக்குத் தரும் தடித்த பட்டை வேறு சாதி, காரம் அதிகம். மெக்ஸிகோக்காரர்கள் பயன்படுத்துவது இலங்கையின் மெல்லிய சுருள் பட்டை. இலங்கைப் பட்டையைப் பெருமளவு வாங்கும் நாடுகளில் மெக்ஸிகோ முன்னணியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சரக்கு பசிபிக்கைக் கடந்து போய்க்கொண்டிருக்க, நாம் தடித்த பட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ரவிச்சந்திரன், பசவனகுடி:

வனஸ்பதியை யாரும் சொல்லவில்லையே! உருண்டை பரவாமல் நிற்க அதைவிட எளிய வழி கிடையாது. அதில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்ற பயமும் இப்போது பழையபடி இல்லை. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

வசந்தா, ராஜாஜி நகர்:

தம்பி, நிற்கும் என்பது சரி. ஆனால் ஆறியபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் ஒட்டும். பாதிக்குப் பாதி நெய் கலந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

செல்வி, மல்லேஸ்வரம்:

சர்க்கரையைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் சிறிது சோளமாவு கலந்திருக்கும். அதுதான் ஈரத்தை வாங்கிக்கொண்டு சர்க்கரையைக் காக்கிறது. வீட்டில் அரைப்பவர்கள் 100 கிராமுக்கு ஒரு சிறு கரண்டி சோளமாவைச் சேர்த்தே அரைக்க வேண்டும். புரட்டுவதும் இரண்டு முறை. அடுப்பிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு முறை. அது லேசாக இளகி அடிப்பூச்சாக ஒட்டிக்கொள்ளும். முழுவதும் ஆறியபின் இன்னொரு முறை. அடுப்பு 170 டிகிரியில் பதினைந்து நிமிடம் போதும். மேற்புறம் வெளுப்பாகவும் அடிப்புறம் மட்டும் பொன்னிறமாகவும் இருக்க வேண்டும். மேலே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அது தாண்டிப் போய்விட்டது என்று பொருள்.

இதில் வழக்கமாகச் சேர்க்கும், வால்நட் போன்ற பீக்கன் பருப்பின் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். மெக்ஸிகோவிலேயே வேர்க்கடலை போல்வரோன் உண்டு. 80 கிராம் வறுத்து, தோலை ஊதிவிட்டு, எண்ணெய் விடாதபடி விட்டு விட்டு அரையுங்கள்.

மீனாட்சி, அல்சூர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று 160 கிராம் உறைந்த நெய், வறுத்த மைதா, வேர்க்கடலை என்று செய்தேன். இம்முறை அடை இல்லை; உருண்டைகள் தனித்தனியாக, அடியில் மட்டும் சிவந்து வந்தன. முதல் உருண்டையை வெதுவெதுப்பாகும்வரை பொறுக்காமல் சுடச்சுட எடுத்ததில் விரலிடுக்கில் பொடியாகிக் கொட்டிவிட்டது. மற்றவை ஆறியபின் பிடித்துக்கொண்டன. ஐயங்கார் பேக்கரி பெண்ணெ (வெண்ணெய்) பிஸ்கட் மாதிரி இருக்கிறது என்று மாமியார் சொன்னார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வறுத்த மாவு உருட்டும்போது அதிகமாக உதிர்ந்தது. இரண்டு கரண்டி நெய் கூடுதலாகத் தேவைப்பட்டது. அடுத்த முறை பாதி மாவை மட்டும் வறுத்தால் போதுமா, வசந்தா அக்கா?

வசந்தா, ராஜாஜி நகர்:

போதும். நெய்யைக் கூட்டாதீர்கள்.