'கோடியில் ஒன்று' என்று கணக்குப் போட்டால் குற்றம் நிரூபணமா?

கறார்பேர்வழி:
கேள்வியை நேராகவே வைக்கிறேன். 400 பேர் எழுதும் ஓ.எம்.ஆர். தேர்வு, கேள்விக்கு நாலு ஆப்ஷன். இரண்டு பேர் பத்துக் கேள்விகளில் ஒரே தப்பான ஆப்ஷனைக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். ஒரு கேள்வியில் தற்செயலாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு. பத்துக்கும் பெருக்கினால் 10,48,576-ல் ஒன்று. ஆக, இவர்கள் காப்பி அடிக்காதவர்களாக இருக்கும் வாய்ப்பும் பத்து லட்சத்தில் ஒன்றுதான். இதைச் சொன்னாலே 'தர்க்கப் பிழை' என்று கொடி பிடிக்கிறார்கள். அரிதான ஒன்று நடந்தால் சந்தேகப்படுவதுதானே புத்தி? எந்த வரியில் பிழை, காட்டுங்கள்.

எண்சுவடி:
'ஆக' என்று தொடங்கும் வரியில். அதற்கு முந்தின இரண்டு வரிகளும் சரியில்லை, அதை முதலில் முடித்துவிடலாம்.

நாலில் ஒன்று என்பது கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கினால்தான். இருவருமே தவறவிட்ட கேள்வி என்று தெரிந்த பிறகு மிச்சம் இருப்பது மூன்று ஆப்ஷன். மூன்றைப் பத்து முறை பெருக்கினால் 59,049. பத்து லட்சம் அதற்குள் கரைந்துவிட்டது. அடுத்தது, வினாத்தாள் தயாரிப்பவர் தப்பு ஆப்ஷன்களைச் சும்மா போடுவதில்லை. கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் போட்டால் வரும் விடை, சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தால் வரும் விடை என்று ஒன்றைப் பொறியாக வைப்பார். தவறவிட்டவர்களில் 60 சதவீதம் பேர் அதில் விழுகிறார்கள், மற்ற இரண்டுக்கும் தலா 20 என்று வையுங்கள். ஒருவர் பத்திலும் பொறியில் விழுந்திருந்தால் இன்னொருவரும் அப்படியே விழும் வாய்ப்பு 165-ல் ஒன்று. 0.6-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். பத்துமே அதிகம் பேர் தொடாத ஆப்ஷனாக இருந்தால் 97,65,625-ல் ஒன்று. 'பத்துத் தப்பு ஒன்றுபோல இருந்தது' என்று அறிக்கை எழுதுபவருக்கு இரண்டும் ஒரே வாக்கியம்தான்.

இப்போது அந்த 'ஆக'. காப்பி அடிக்காத இருவரிடம் இப்படி ஒற்றுமை வர எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. இப்படி ஒற்றுமை வந்த இருவர் காப்பி அடிக்காதவர்களாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதன் கட்டத்தில் எழுதிவிட்டீர்கள். 400 பேரில் 79,800 ஜோடிகள் உண்டு. எந்த ஆப்ஷன் என்று பார்க்காமல் சராசரி எடுத்தால், அதே 60-20-20 கணக்கில் ஒரு ஜோடி பத்திலும் ஒத்துப்போக ஏறக்குறைய 3,700-ல் ஒன்று. இருவருமே தவறவிட்ட கேள்விகள் பத்து இருக்கும் ஜோடிகள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 7,980. அதில் இரண்டு ஜோடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராமலேயே உங்களிடம் மாட்டும்.

கறார்பேர்வழி:
79,800 என்பது கம்ப்யூட்டரில் எல்லாத் தாளையும் எல்லாத் தாளோடும் மோதவிட்டால்தான். முன்பின் பெஞ்சில் இருந்த இருவரைப் பற்றித் தேர்வு நடக்கும்போதே கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்து, அதன்பின் தாளைப் பார்த்தால்? ஒரே ஜோடிதான் சார்.

எண்சுவடி:
அப்போது கணக்கு மாறும், சரி. எதைத் தேடுகிறோம் என்பதைத் தாளைப் பார்க்கும் முன்பே முடிவு செய்திருக்கிறார்கள் அல்லவா, வலு அங்கிருந்து வருகிறது. ஆனால் நீங்கள் முதலில் போட்ட பதிவில் கண்காணிப்பாளரே இல்லை.

குறுக்குவிசாரணை:
இது வெறும் பள்ளிக்கூடச் சண்டை இல்லை. இதே 'ஆக' நீதிமன்றத்தில் ஆளை உள்ளே தள்ளியிருக்கிறது. 1964 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸின் சான் பெட்ரோ பகுதியில் ஒரு சந்தில் மூதாட்டியைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்த வழக்கு. பொன்னிறக் கூந்தலைக் குதிரைவால் போட்ட பெண் ஓடிவந்து மஞ்சள் காரில் ஏறினாள்; ஓட்டியவர் தாடி மீசை வைத்த கறுப்பினத்தவர். அடையாளம் ஒத்துப்போன காலின்ஸ் தம்பதி கைது. அரசு வழக்கறிஞர் ஒரு கணித ஆசிரியரைக் கூண்டில் ஏற்றிப் பெருக்கல் விதியைச் சொல்லவைத்து, எண்களைத் தானே கொடுத்தார்: மஞ்சள் கார் பத்தில் ஒன்று, மீசை நாலில் ஒன்று, குதிரைவால் பத்தில் ஒன்று, பொன்னிறக் கூந்தல் மூன்றில் ஒன்று, தாடி வைத்த கறுப்பர் பத்தில் ஒன்று, காரில் இருவேறு இனத் தம்பதி ஆயிரத்தில் ஒன்று. பெருக்கினால் 1,20,00,000-ல் ஒன்று.

1968-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆறு எண்ணில் ஒன்றுக்குக்கூட ஆதாரம் இல்லை. தாடி வைத்தவர்களில் பெரும்பாலோர் மீசையும் வைத்திருப்பார்கள், இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கக் கூடாது. தீர்ப்பின் பின்னிணைப்பில் இன்னொரு அடி: 1.2 கோடி ஜோடிகள் உள்ள இடத்தில் 1.2 கோடியில் ஒன்று என்ற அடையாளம் ஒரு ஜோடிக்கு இருக்கிறது என்று தெரிந்தால், அதே அடையாளத்தோடு இரண்டாவது ஜோடியும் அங்கே இருக்கும் வாய்ப்பு 41 சதவீதம்.

கறார்பேர்வழி:
அந்த எண்கள் கற்பனை என்பதால் விழுந்த வழக்கு அது. நல்ல எண்ணாக இருந்தால்?

குறுக்குவிசாரணை:
நல்ல ஆய்விலிருந்து எடுத்த எண்ணும் விழுந்திருக்கிறது. இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு. இரண்டு கைக்குழந்தைகள், 1996-லும் 1998-லும் அடுத்தடுத்து மரணம். அவர்களைப் போன்ற வசதியான, புகைக்காத குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணம் 8,543-ல் ஒன்று. மருத்துவ நிபுணர் ராய் மெடோ அதையே அதனால் பெருக்கி 7.3 கோடியில் ஒன்று என்றார். 1999-ல் தாய்க்கு ஆயுள் தண்டனை. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணுக்கள். முதல் மரணத்துக்குக் காரணமாக ஏதாவது இருந்திருந்தால் அது இரண்டாவது குழந்தைக்கும் இருந்திருக்கும். அதைச் சார்பில்லாத நிகழ்வு என்று எடுத்தது முதல் கோளாறு. 2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் கழகம் வெளிப்படையாகக் கண்டித்தது. பெரிய கோளாறு மற்றொன்று: ஒரு தாய் இரண்டு குழந்தைகளையும் கொல்வது எவ்வளவு அரிது என்று யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் இறந்துவிட்டார்கள், நடந்திருக்கக்கூடிய இரண்டு கதைகளுமே அரிதானவை. ஒன்றை மட்டும் எடைபோட்டால் தட்டு சாயத்தான் செய்யும்.

கறார்பேர்வழி:
கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 2003-ல் அவர் வெளியே வந்தது கணக்கால் அல்ல. பிணக்கூறாய்வு செய்தவரிடம் இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிரிச் சோதனை முடிவு இருந்தும் அது தற்காப்புத் தரப்புக்குப் போகவில்லை. தண்டனை உடைந்ததற்கு முதல் காரணம் அது.

குறுக்குவிசாரணை:
உண்மை. முழுதாக வாதிட்டிருந்தால் அந்தப் புள்ளிவிவரமே தனிக் காரணமாக நின்றிருக்கும் என்று அதே தீர்ப்பு சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000-ல் நடந்த முதல் மேல்முறையீட்டில் இதே எண்ணைக் காட்டி வாதிட்டும் தண்டனை நின்றது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

பரபக்கம்:
இடையில் ஒன்று. மணிமேகலை 29-ஆம் காதையில் ஏதுப்போலிகள், அதாவது காரணம்போலத் தோன்றி எதையும் நிறுவாதவை, பட்டியலில் 'சாதாரணம்' வரும். 'சத்தம் அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது' என்பது எடுத்துக்காட்டு. அழியாத பொருளும் அறியப்படும், அழியும் பொருளும் அறியப்படும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏது எதையும் நிறுவாது. தற்செயலுக்கும் குற்றத்துக்கும் பொதுவாக இருக்கும் அடையாளம் அங்கேயே அடிபட்டுப்போனது.

கறார்பேர்வழி:
அது ஆம்-இல்லை தர்க்கம். நிஜத்தில் எந்தச் சான்றும் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அந்த விதியை அப்படியே பிடித்தால் கைரேகைகூடச் செல்லாது.

எண்சுவடி:
அதனால்தான் விகிதம் வேண்டும். குற்றம் நடந்திருந்தால் இந்தச் சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, நடக்காவிட்டால் எவ்வளவு; முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒன்று வந்தால் அது பரபக்கம் சொன்ன சாதாரணம், தூக்கிப் போடலாம். பத்தாயிரம் வந்தால் வலுவான சான்று; அப்போதும் அது முன்பே இருந்த சந்தேகத்தைப் பத்தாயிரம் மடங்கு ஆக்குகிறது, அவ்வளவே. முன்சந்தேகம் கோடிக்கு ஒன்றாக இருந்தால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற இடத்தில்தான் நிற்பீர்கள்.

கறார்பேர்வழி:
முன்சந்தேகம்! இதற்குத்தான் காத்திருந்தேன். அந்த எண் எங்கிருந்து வரும்? 'இந்த ஊர்க்காரன், இந்தச் சாதிக்காரன், இவர்களில் இத்தனை பேர் குற்றவாளி' என்றுதானே ஆரம்பிப்பீர்கள்? குறைந்தபட்சம் என் பெருக்கல் ஆளைப் பார்க்காது. இன்னொன்று, 'இவர்களில் இத்தனை பேர்' என்ற இதே அடிப்படை விகிதத்தை வைத்துத் தற்காப்புத் தரப்பும் விளையாடும். முன்னாள் மனைவியைக் கொன்றதாக அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்ப்சன்மேல் நடந்த வழக்கில் அவர் தரப்பு வழக்கறிஞர் ஆலன் டெர்ஷோவிட்ஸ், மனைவியை அடிக்கும் ஆண்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடக் கொலைவரை போவதில்லை, ஆகவே அடித்த கதை வழக்குக்கு உதவாது என்றார். உங்கள் பாணி இதுதானே?

எண்சுவடி:
இல்லை, அது உங்கள் 'ஆக' கட்சி மாறிய கதை. அங்கே கேட்க வேண்டியது: கணவனிடம் அடிபட்ட பெண் கொலையும் செய்யப்பட்டிருக்கிறார் என்றால், செய்தது அவனாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1995-லேயே புள்ளியியலாளர் ஐ. ஜே. குட் 'நேச்சர்' இதழில் இதைச் சுட்டிக்காட்டினார். உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் எளிமையாகப் போட்ட கணக்கு: அடிபடும் பெண்கள் ஒரு லட்சம் பேரில் ஓராண்டில் துணைவரால் கொல்லப்படுபவர் சுமார் 40, வேறு யாராலோ கொல்லப்படுபவர் 5. கொலையான 45 பேரில் 40. ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்றது 89 சதவீதம் ஆகிவிட்டது. டெர்ஷோவிட்ஸ் கொலை நடந்துவிட்டது என்ற சான்றையே கணக்கிலிருந்து விட்டுவிட்டார்.

சாதியும் ஊரும் பற்றி: அந்த அபாயம் நிஜம், மறுக்கவில்லை. ஆனால் முன்சந்தேகத்தை எழுதாமல் விட்டால் அது காணாமல் போகாது. நீங்கள் எழுதாத இடத்தில் ஜூரி தன் மனதுக்குப் பட்டதை எழுதிக்கொள்ளும்.

குறுக்குவிசாரணை:
நீதிமன்றங்கள் இந்த இருவர் பக்கமும் முழுசாக நிற்கவில்லை. ஜூரி பேயஸ் சூத்திரம் (முன்சந்தேகத்தைச் சான்றின் விகிதத்தால் பெருக்கும், எண்சுவடி சொன்ன அதே கணக்கு) போடுவதை 1996-ல் டெனிஸ் ஆடம்ஸ் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் விரும்பவில்லை. அதே ஆண்டு டொஹனி வழக்கில் ஒரு நடைமுறை வழி சொன்னது: டி.என்.ஏ. நிபுணர் 'பத்து லட்சத்தில் ஒன்று' என்பதோடு, நாட்டில் அதே அடையாளம் சுமார் எத்தனை பேருக்கு இருக்கும் என்பதையும் சொல்லட்டும். அந்த நாட்டில் அப்படிச் சுமார் 26 ஆண்கள் இருப்பார்கள் என்றால், இவர் அந்த 26 பேரில் ஒருவர். மற்ற 25 பேரை விலக்க வேறு என்ன இருக்கிறது என்று ஜூரி பார்க்கட்டும். நம் உச்ச நீதிமன்றம் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் (1984) சந்தர்ப்ப சாட்சியத்துக்கு வைத்த ஐந்து நிபந்தனைகளிலும், குற்றத்தைத் தவிர மற்ற எல்லா ஊகங்களும் விலக்கப்பட வேண்டும் என்று ஒன்று உண்டு. எண்ணே இல்லாமல் சொன்னதுதான்.

கறார்பேர்வழி:
26 பேர் கணக்கு பரவாயில்லை, சாதி கேட்காது. என் 400 பேர் கூடத்துக்கு அதை எப்படிப் பொருத்துவீர்கள்? ஒரே டியூஷனில் படித்த ஜோடியை எப்படி விலக்குவீர்கள்? எண் வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்.

எண்சுவடி:
வினாத்தாள் செட் எழுத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என நாலு செட்டில் கேள்வி வரிசை மாறியிருக்கும். ஒரே டியூஷன், ஒரே கைடு, ஒரே பொறி என்றால் ஒற்றுமை கேள்வியோடு போகும்: ஏ செட்டில் 12-ஆவதும் சி செட்டில் 37-ஆவதும் ஒரே கேள்வி, ஒரே தப்பு. எட்டிப் பார்த்து வட்டத்தைக் கறுப்பாக்கியவருக்கு ஒற்றுமை வரிசை எண்ணோடு போகும்: இங்கே 12-ல் பி ஆப்ஷன், அங்கேயும் 12-ல் பி ஆப்ஷன், கேள்விகளுக்குள் சம்பந்தமே இல்லை. அதற்கு டியூஷன் காரணம் ஆகாது. இருவருக்கும் ஒரே செட் போயிருந்தால் இந்தச் சோதனை கிடையாது. அப்போது உங்கள் பத்து லட்சத்தை வைத்து யாரையும் டிபார் செய்ய முடியாது.

கறார்பேர்வழி:
பக்கத்துப் பக்கத்தில் ஒரே செட் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று தனி இழை தொடங்குகிறேன். அங்கே வாருங்கள்.