முதல் ஆன்லைன் கவுன்சலிங்: உங்களுக்கு எப்படி இருந்தது?

திருச்சி வாசி:
வரும் சனிக்கிழமை வீடியோ காலில் ஒரு கவுன்சலரிடம் பேச நேரம் வாங்கியிருக்கிறேன். தூக்கம் கெட்டுப் பல மாதம் ஆகிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். கடைசியில் டாக்டரே "ஒருமுறை கவுன்சலிங் போய்ப் பாருங்களேன்" என்றார். நேரில் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம், அதனால் ஆன்லைன். முதல் நாள் என்ன கேட்பார்கள்? எதையாவது தயார் செய்துகொண்டு உட்கார வேண்டுமா? வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை மருமகள்:
தோழி, முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கப் போவதில்லை. பாதி நேரம் விவரம் கேட்பதிலேயே போய்விடும். எனக்கு முந்தைய நாளே ஒரு படிவம் வந்தது: வயது, வேலை, சாப்பிடும் மாத்திரைகள், முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம். அந்தக் கடைசிக் கேள்விக்குக் கணவர் பெயரைப் போடுவதா, தங்கை பெயரைப் போடுவதா என்று யோசிக்கத்தான் அதிக நேரம் ஆனது. தங்கையைப் போட்டேன்.

கால் தொடங்கியதும் கவுன்சலர் முதலில் கேட்டது, "இப்போது எங்கே இருந்து பேசுகிறீர்கள், முழு முகவரி சொல்ல முடியுமா?" எதற்கு இதெல்லாம் என்று கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவியை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் கேட்பார். அடுத்தது, "கதவு சாத்தியிருக்கிறதா? நீங்கள் பேசுவது யாருக்காவது கேட்குமா?" நடுவில் யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொண்டோம். "அந்த ஃபைலை நாளைக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று நான் சொன்னால், அவர் சட்டென்று ஆபீஸ் பேச்சுக்கு மாறிவிடுவார். ஒருமுறை சின்னவன் பென்சில் கேட்டு வந்தபோது நிஜமாகவே உதவியது.

என்னைக் கேட்டால் கவுன்சலிங்கைவிடப் பெரிய பாடு, அதற்கு இடம் பிடிப்பதுதான். நம் வீடுகளில் பகலில் கதவைச் சாத்தினாலே "உடம்பு சரியில்லையா?" என்று வந்து நிற்பார்கள். மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து மாடியில் வடாம் காயவைக்க வந்த அம்மா, வடாம் வைத்து முடித்த பிறகும் அங்கேயே நின்றார். காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். சித்திரை வெயிலில் ஏசி போட்டால் எஞ்சின் சத்தம், அணைத்தால் வேர்வை. ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது, சரி. நாம் பேசுவது கேட்குமே! பேச வேண்டியதே மாமியாரைப் பற்றி, மாமியாரோ அடுத்த அறையில்.

கடைசியில் கைகொடுத்தது சீரியல். இரவு எட்டு மணிக்கு ஹாலில் டிவி அலறும், யாரும் எழுந்து வர மாட்டார்கள். கவுன்சலரிடம் கேட்டு அந்த நேரத்துக்கே மாற்றிக்கொண்டேன். அறைக்கதவுக்கு வெளியே ஒரு டேபிள் ஃபேனையும் ஓடவிட்டேன், அதன் இரைச்சலில் பேச்சு தெளிவாகக் கேட்காது. வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சாட்டில் தட்டிவிடுவேன். அவர் படித்துவிட்டு யார் பெயரையும் சொல்லாமல் பதில் பேசுவார். வீட்டில் "ஆபீஸ் டிரெயினிங்" என்று சொல்லியிருந்தேன். பொய்தான், அதில் எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது.

இரவு ஷிப்ட்:
தூக்கம்தான் எனக்கும் பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பிஎச்கியூ-9 என்று ஒன்று, மனச்சோர்வுக்கு. ஜிஏடி-7 என்று ஒன்று, பதற்றத்துக்கு. "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது" என்று ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். முதலாவதில் அதிகபட்சம் 27, இரண்டாவதில் 21. மார்க் வந்ததும் இணையத்தில் தேடிப் பயந்துபோகாதீர்கள். அதை வைத்து மட்டும் இன்ன நோய் என்று யாரும் முடிவு செய்வதில்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதச் சொல்லி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

பிஎச்கியூ-9இல் கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதை மறைக்காதீர்கள். நான் 1 போட்டிருந்தேன். கவுன்சலர் பதறவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எப்போது தோன்றுகிறது, திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். அப்படி ஒருவர் நேராகக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை.

நான் அறிவுரை எதிர்பார்த்துப் போனேன். "வேலையை விடு" அல்லது "விடாதே" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று. அவர் திருப்பித் திருப்பிக் கேள்விதான் கேட்டார், எனக்கு எரிச்சலே வந்தது. ஆனால் தூக்க விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது விழித்தேன், டீ எத்தனை என்று தினமும் குறிக்க வேண்டும். படுக்கையில் போன் கூடாது. படுத்துக் கிட்டத்தட்ட இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்பிப் படுக்க வேண்டும். எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும் எழும் நேரம் மாறக் கூடாது. ஆரம்பத்தில் முன்பைவிட மோசமானது, அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிறகு மெல்ல மெல்லச் சரியானது.

இன்னொன்று. திரையில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை அணைத்துவிடுங்கள். ஜூமில் அதற்கு வசதி இருக்கிறது. அழும்போது தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமை.

பழனிமலை:
நடுவில் நெட் போனால் காசு போச்சா?

இரவு ஷிப்ட்:
இல்லை சகோ. லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். சில நிமிடத்தில் திரும்ப வராவிட்டால் அவர் சாதாரண போனில் கூப்பிடுவார், மிச்சத்தைக் குரலிலேயே பேசுவோம். ஆனால் நெட் போவதைவிட, போகாமல் இழுத்துக்கொண்டு நிற்பதுதான் தொல்லை. அவர் யோசித்துக்கொண்டு சும்மா இருக்கிறாரா, படம் உறைந்துவிட்டதா என்றே தெரியாது. "ஹலோ, கேட்குதா?" என்று நான் கேட்க, "கேட்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்பார். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஷார்ஜா தம்பி:
வளைகுடாவில் இருப்பவர்களுக்காக. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. என் கவுன்சலர் சென்னைக்காரர், வாட்ஸ்அப் வீடியோதான் என்று நினைத்திருந்தார். ஜூம், டீம்ஸ் இங்கே வேலை செய்யும், அதற்கு மாறினோம். நேரமும் பார்த்துப் பேசுங்கள், இந்தியா ஒன்றரை மணி முன்னால் இருக்கிறது.

நான் இருப்பது பெட் ஸ்பேஸில், ஓர் அறைக்குப் பல பேர். அக்கா சொன்ன சீரியல் யோசனையெல்லாம் இங்கே நடக்காது. கடற்கரைப் பக்கம் போய் பெஞ்சில் உட்கார்ந்து குரல் காலில் பேசுவேன். முதலில் நடந்துகொண்டே பேசினேன், அவர் ஓரிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டிக்கொண்டு பேசவே கூடாது என்பது முதல் நாளே போட்ட நிபந்தனை. "அவசரம் என்றால் சென்னையிலிருந்து நான் எதுவும் செய்ய முடியாது, பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். இதற்காகவாவது என் ரூம்மேட்டிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் கேட்டான், "எவ்வளவு வாங்குறாங்க? நானும் பேசலாமா?"

ஸ்கார்பரோ யாழினி:
நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோவில். இங்கே உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சலிங்குக்கு, தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கட சனம் சின்னக் கூட்டம், யார் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தால் கடைசியில் என் பெரியம்மாவுக்குத் தெரிந்தவராகத்தான் வருவார். அதனால் முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போனேன். நல்லவர். ஆனால் 95ஆம் ஆண்டு இடப்பெயர்வைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் அது எந்த ஊர், ஏன் வெளிக்கிட்டீர்கள், எந்த வழியாலே போனீர்கள் என்று வரலாற்றுப் பாடம் எடுத்தே நேரம் முடிந்துவிடும். பிறகு தமிழ் ஆளிடமே மாறினேன். முதல் நாளே நேராகக் கேட்டேன், "உங்களுக்கு என்னுடைய ஆட்கள் யாரையும் தெரியுமா?" தெரிந்தால் நானே உங்களை வேறொருவரிடம் அனுப்பிவிடுவேன் என்றார். அதற்குப் பிறகுதான் மனம்விட்டுக் கதைக்க முடிந்தது.

ஒன்டாரியோவில் இருப்பவர்கள், அவர் பதிவு பெற்ற சைக்கோதெரபிஸ்டா என்று சிஆர்பிஓ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். வேலையிடக் காப்புறுதி இருந்தால் வருடத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கிருந்து தொடரலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவர்களுக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது மாறும், முன்கூட்டியே கேளுங்கள்.

வேண்டாத அனுபவம்:
எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். ஒரு செயலியில் தள்ளுபடி என்று மொத்தமாகப் பணம் கட்டினேன். வந்தவர் பேச்சுக்கு நடுவே வேறு போனை எடுத்தார். என் விவாகரத்தைப் பற்றிச் சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிப் போயிருக்கலாமே, குலதெய்வம் கோவிலுக்குப் போனீங்களா?" என்கிறார். இதைச் சொல்ல எனக்கு அத்தை இருக்கிறார், இலவசமாக. வேறு ஆள் கேட்டால் பதிலே வரவில்லை, மீதிப் பணமும் வரவில்லை. எனவே முதலில் ஓர் அமர்வுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். இப்போது பேசுபவர் வேறொருவர், தனியாகத் தொழில் செய்பவர், அருமையானவர்.

மேசைக்கு அந்தப்பக்கம்:
நான் இந்தத் தொழிலில் இருப்பவள். மேலே சொன்னது போன்ற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். "கவுன்சலர்" என்ற பெயரை நம் நாட்டில் நடைமுறையில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு எண் இருக்க வேண்டும். தாராளமாகக் கேளுங்கள், கேட்டால் கோபப்படுபவரிடம் போகாதீர்கள். கவுன்சலராக இருந்தால் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். நாங்கள் மாத்திரை எழுத முடியாது. அது மனநல மருத்துவரின் வேலை, 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி அவர்கள் வீடியோவிலும் எழுதலாம், சில மருந்துகளைத் தவிர.

ரகசியம் பற்றி எல்லோருக்கும் சந்தேகம் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை அளிப்பவர் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்கும் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் கேட்டால். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும். இதையெல்லாம் முதல் அமர்விலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் பேச்சைப் பதிவு செய்யக் கூடாது, நீங்களும் எங்களிடம் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள்.

திருச்சி வாசி, தயார் செய்துகொண்டு வர வேண்டியது எதுவும் இல்லை. "எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை" என்றே ஆரம்பிக்கலாம், பலர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நெல்லை மாணவன்:
காசு இல்லாதவர்களுக்கு: 14416. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். நான் அரியர் விழுந்த சமயத்தில் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து நள்ளிரவில் கூப்பிட்டேன். ஓர் அண்ணன் எடுத்தார், பொறுமையாகக் கேட்டார். அடுத்த முறை கூப்பிட்டபோது வேறொருவர், கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் குறை. ஆனால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம் என்று சொன்னதே அவர்கள்தான். இப்போது அங்கேதான் போகிறேன்.

திருச்சி வாசி:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் சீரியல் ஏழரை மணிக்கே ஆரம்பித்துவிடும், நேரத்தை மாற்ற முடியுமா என்று இன்றே கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். முடிந்ததும் உடனே சமையலறைக்குப் போய் இரவுச் சாப்பாடு பார்க்க முடியுமா? ரொம்பச் சோர்வாக இருக்குமா?

கோவை மருமகள்:
இருக்கும். மடிக்கணினியை மூடியதும் நேராக வந்து தோசைக்கல்லை வைக்க முடியாது. கண் சிவந்திருந்தால் கேள்வி வேறு வரும். அன்றைக்குச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்து வைத்துவிடுங்கள். முகம் கழுவிக்கொண்டு அரை மணி நேரம் துணி மடிப்பது போல ஏதாவது செய்துகொண்டிருங்கள்.

இரவு ஷிப்ட்:
ரத்து செய்யும் விதியையும் படித்துவிடுங்கள். என்னுடையவரிடம் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாவிட்டால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். நேரம் மாற்றவும் அதே கணக்குதான், அதனால் சனிக்கிழமை வரை காத்திருக்காமல் இப்போதே மெசேஜ் போட்டுவிடுங்கள்.